லொய்னாவுக்கு 22 முறை: ஹிட்லரின் பெட்ரோலை நிறுத்தியவர்கள்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. பயந்துபோய் ஊரைவிட்டே கிளம்பியவர்கள் ஏராளம். ஆனால் எரிந்தது இருப்பில் இருந்த எண்ணெய் மட்டும்தான். அடுத்த கப்பலில் வேறு எண்ணெய் வந்து இறங்கிவிடும். எதிரியின் எரிபொருளை அழிக்க வேண்டும் என்று கிளம்பிய தளபதிகளில் பலர் அதற்குப் பிறகும் வெகுகாலம் எம்டன் பாணியில்தான் யோசித்தார்கள்: போ, கொளுத்து, திரும்பி வா. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எண்ணெய் ஒரு பலவீனம் என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ள 1944 மே வரை ஆனது. காரணம் துணிச்சல் குறைவோ உளவுத் தகவல் குறைவோ இல்லை. அடித்த இடத்துக்கே மறுபடியும் போய் அடிக்கும் வசதியும் பிடிவாதமும் ஒரே தளபதியிடம் அதுவரை சேரவில்லை.

நிலக்கரியிலிருந்து பெட்ரோல்

ஜெர்மனியில் எண்ணெய்க் கிணறுகள் சொற்பம். நிலக்கரி மட்டும் மண்டிக்கிடந்தது. அந்த நிலக்கரியைப் பொடியாக்கி, கனமான எண்ணெயில் குழைத்து, 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில நூறு வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பெட்ரோல் கிடைக்கும். ஃப்ரீட்ரிஷ் பெர்கியஸ் கண்டுபிடித்த முறை இது. உயர் அழுத்த வேதியியலுக்காக அவரும் கார்ல் போஷும் 1931-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மத்திய ஜெர்மனியின் லொய்னாவில் 1927-லேயே இப்படி ஒரு ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பொலிட்ஸ், ப்ரூக்ஸ், ட்சைட்ஸ், பொலன், கெல்சன்கிர்ஷன் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. விமானங்களுக்கான உயர்தரப் பெட்ரோலில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஹைட்ரஜன் ஆலைகளிலிருந்துதான் வந்தது. மீதிக்கு ருமேனியாவின் ப்ளோயெஷ்டி நகரைச் சுற்றியிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்.

இந்த ஆலைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே உயர் அழுத்த ஹைட்ரஜனை வைத்துத்தான் அம்மோனியாவும் செய்தார்கள். அம்மோனியாவிலிருந்து நைட்ரஜன் உரம், நைட்ரஜனிலிருந்து வெடிமருந்து. லொய்னா இரண்டுக்கும் பெரிய மையம். ஒரு குழாய்த் தொகுதி உடைந்தால் பெட்ரோலும் நிற்கும், பீரங்கிக் குண்டுக்கு மருந்தும் நிற்கும். இதை நேச நாட்டுத் திட்டக்காரர்கள் முன்கூட்டியே பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்காமலே கிடைத்த லாபம்.

ஒரே தடவை போய் வந்த கதைகள்

பிரிட்டிஷ் விமானப்படை 1940-லேயே எண்ணெய் ஆலைகளைக் குறிவைத்தது. கெல்சன்கிர்ஷனில் இருந்த இரண்டு ஆலைகளுக்கு நூற்றுக்கணக்கான விமானங்களை அனுப்பினார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு ஸ்பிட்ஃபயர் போய்ப் படம் எடுத்து வந்தது. ஆலைகளில் பெரிய சேதம் எதுவும் இல்லை. 1941 ஆகஸ்டில், பிரிட்டிஷ் குண்டுவீச்சு எவ்வளவு துல்லியம் என்று ஆராய்ந்து வந்த பட் அறிக்கை இன்னும் மோசம்: இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் 5 மைலுக்குள் போயிருந்தது. புகையும் மூட்டமும் நிறைந்த ரூர் தொழிற்சாலைப் பகுதியில் பத்தில் ஒன்று. இருட்டில் ஊரையே கண்டுபிடிக்க முடியாதவர்களிடம் ஆலையைத் தேடச் சொன்னால் என்ன ஆகும்? குண்டுவீச்சுப் படையின் தலைமைக்கு 1942-இல் வந்த ஆர்தர் ஹாரிஸ், இதை அடித்தால் போர் முடியும், அதை அடித்தால் போர் முடியும் என்று யாராவது வந்து நின்றாலே முகம் சுளிப்பார். சர்வரோக நிவாரணி இலக்குகள் என்று அவற்றை நையாண்டி செய்வார். பின்னால் இந்த மனிதர் மேல் நிறைய குறை சொல்லப்போகிறேன். அதனால் அவருடைய சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கர்கள் பகலில் போய் முயன்றார்கள். 1943 ஆகஸ்ட் 1. லிபியாவின் பெங்காஸி சுற்றுவட்டாரத்திலிருந்து 178 பி-24 லிபரேட்டர் விமானங்கள் ப்ளோயெஷ்டிக்கு அனுப்பப்பட்டன. ரேடாருக்குத் தப்ப, மரத்தின் தலை உரசும் உயரத்தில் பறந்து ஏழு சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்குவது திட்டம். யோசனை ஜேக்கப் ஸ்மார்ட் என்ற கர்னலுடையது. அந்தப் பக்கம் பாதுகாப்புக்கு இருந்தவர் ஆல்ஃப்ரெட் கெர்ஸ்டன்பெர்க் என்ற ஜெர்மன் ஜெனரல். ஊரைச் சுற்றிப் பீரங்கிகளை அடுக்கி, ரயில் பெட்டிகளில்கூடப் பீரங்கி ஏற்றி வைத்திருந்தார். கெட்ட நேரம், முன்னால் போன குழுக்கள் தர்கோவிஷ்டே என்ற ஊரில் தவறாகத் திரும்பி புகாரெஸ்ட் பக்கம் போய்விட்டன. ஒரே சமயத்தில் விழ வேண்டிய அடி சிதறியது. சில விமானங்கள் தங்களுக்கு முன்னால் வேறு குழு போட்டுவிட்டுப் போன தாமத வெடிகுண்டுகளின் மேலேயே பறக்க வேண்டியதாயிற்று.

50-க்கும் மேற்பட்ட விமானங்கள் இழக்கப்பட்டன, 300-க்கும் மேற்பட்ட விமானப்படையினர் இறந்தார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அந்த ஒரே நாளுக்கு ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது, அதில் மூவருக்கு இறந்தபின். எந்த விமானத் தாக்குதலுக்கும் அத்தனை கொடுத்ததில்லை. சரி, பலன்? ப்ளோயெஷ்டியின் ஆலைகள் அதற்கு முன்பே முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கவில்லை. சும்மா கிடந்த கொதிகலன்களையும் கோபுரங்களையும் இயக்கி, உடைந்ததைச் சரிசெய்து, சில வாரங்களில் பழைய உற்பத்தியை எட்டிவிட்டார்கள். அமெரிக்க விமானங்கள் மறுபடி அங்கே போனது எட்டு மாதம் கழித்து. அந்த எட்டு மாதம்தான் என்னைப் பொறுத்தவரை தோல்வி, ஆகஸ்ட் 1 அல்ல. முதல் அடி பாதிதான் விழுந்தது என்றாலும், பத்து நாளில் இரண்டாவது அடியும் மாதத்துக்குள் மூன்றாவதும் விழுந்திருந்தால் கதை வேறு. ஆனால் அந்த இழப்புக்குப் பின் மறுபடி போகும் தெம்பு யாருக்கும் இல்லை.

இதே கதை ஒரு வருடம் கழித்து நம் பக்கத்துக் கடலிலும் நடந்தது. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் கிளம்பி, ஜப்பானியர் கையில் இருந்த சுமத்ராவின் பாலெம்பாங் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கின. சில விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன. போக வர 3,800 மைலுக்கு மேல், அந்தப் போரிலேயே மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் ஒன்று. சேதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அங்கிருந்து திரும்பவும் போகவில்லை. 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்கள் 24-ஆம் தேதி ஒரு தடவை, 29-ஆம் தேதி இன்னொரு தடவை என்று அடுத்தடுத்து அடித்தபோதுதான் பாலெம்பாங்குக்கு வலித்தது.

லண்டனில் ஒரு சண்டை

கார்ல் ஸ்பாட்ஸ் அதிகம் பேசாத ஆள். போக்கர் ஆட்டக்காரர். 1929-இல் ஒரு விமானத்தை, நடுவானில் இன்னொரு விமானத்திலிருந்து குழாய் வழியாக எரிபொருள் ஏற்றி ஏற்றி, 150 மணி நேரம் தரையிறங்காமல் கலிஃபோர்னியா வானத்தில் ஓட்டிக்காட்டிய குழுவுக்கு அவர்தான் தலைவர். எரிபொருள் இல்லாத விமானம் வெறும் இரும்பு என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சுப் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர் கையில் வந்தது. இங்கிலாந்தில் டூலிட்டிலின் எட்டாவது விமானப்படை, இத்தாலியில் ட்வைனிங்கின் பதினைந்தாவது விமானப்படை.

அந்தச் சமயத்தில் எல்லோருடைய கவலையும் நார்மண்டியில் படை இறங்குவது. அதற்கு முன் விமானங்கள் எதை அடிக்க வேண்டும்? அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் துணைத்தளபதி ஆர்தர் டெடர், டெடருக்கு ஆலோசகரான விலங்கியலாளர் சோலி சக்கர்மன் இருவரும் ரயில் பாதைகளை, குறிப்பாகப் பெரிய ரயில் முற்றங்களை அடிக்கச் சொன்னார்கள். சிசிலியிலும் இத்தாலியிலும் பார்த்த அனுபவம். ஸ்பாட்ஸும் அவருக்காக இலக்குகளை ஆராய்ந்த இளம் பொருளாதார நிபுணர்களும் எண்ணெய் என்றார்கள். அவர்களில் வால்ட் ரோஸ்டோவும் ஒருவர், பின்னாளில் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியின் ஆலோசகரானவர்.

மார்ச் 25 கூட்டத்தில் ஐசன்ஹோவர் ரயிலைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஜெர்மானியரிடம் சேமிப்பு இருக்கிறது, எண்ணெயை அடித்தால் அது போர்முனையில் தெரிய மாதங்கள் ஆகும், எனக்கு ஜூனில் பலன் வேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம். பிரிட்டிஷ் விமானப்படைத் தலைவர் சார்ல்ஸ் போர்ட்டலும் அதையே சொன்னார்.

ஸ்பாட்ஸிடம் இன்னொரு கணக்கு இருந்தது. ரயில் முற்றங்களைக் காக்க ஜெர்மன் போர் விமானங்கள் உயிரைக் கொடுத்து மேலே வராது. எண்ணெய் ஆலையைத் தொட்டால் வந்தே ஆக வேண்டும். வந்தால், இப்போது தன் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறக்கும் முஸ்டாங் போர் விமானங்கள் அவற்றை முடித்துவிடும். நார்மண்டியில் படை இறங்கும் நாளில் வானம் காலியாக இருக்கும். இந்த வாதத்தில் எண்ணெய் பாதி இலக்கு, பாதி தூண்டில்.

கூட்டத்தில் தோற்றவர் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 5 அன்று இத்தாலியிலிருந்து விமானங்கள் ப்ளோயெஷ்டிக்குப் போயின. உத்தரவில் எழுதியிருந்தது ரயில் முற்றம். குண்டுகளில் கணிசமானவை பக்கத்திலேயே இருந்த சுத்திகரிப்பு ஆலைகள் மேல் 'தவறி' விழுந்தன. யாரும் வருத்தப்படவில்லை. ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் இப்படியே சில தடவை. ஏப்ரல் 8 முதல் பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் டான்யூப் நதியில் கண்ணிவெடிகள் போட்டு, ருமேனிய எண்ணெய் ஏற்றிவரும் படகுகளை முடக்கத் தொடங்கின. அந்த மாதமே ஸ்பாட்ஸ் ஐசன்ஹோவரிடம் நேரில் போனார். பதவியை விட்டுவிடுவேன் என்ற தொனியில் பேசியதாகச் சொல்வார்கள். ஐசன்ஹோவர் இறங்கிவந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. மே மாதத்தில் வானம் தெளிவாக இருக்கும் இரண்டு நாள் எடுத்துக்கொள், எண்ணெயை அடித்துப் பார் என்று வாய்மொழியாகச் சொன்னார். போரின் மிகப் பலனுள்ள குண்டுவீச்சுத் திட்டம் இப்படித்தான் தொடங்கியது: தோற்ற வாதத்துக்கு ஆறுதலாகக் கிடைத்த இரண்டு நாள்.

மே 12

முதல் தெளிவான நாள் மே 12-இல் வந்தது. 886 கனரகக் குண்டுவீச்சு விமானங்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட துணைப் போர் விமானங்கள். லொய்னா, லுட்ஸ்கெண்டார்ஃப், பொலன், ட்சைட்ஸ், செக் மண்ணில் இருந்த ப்ரூக்ஸ். ஸ்பாட்ஸ் எதிர்பார்த்தது போலவே ஜெர்மன் போர் விமானங்கள் திரண்டு வந்தன. 46 குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன, ஜெர்மானியர் தரப்பிலும் பலத்த இழப்பு.

ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் அடுத்த நாளே லொய்னாவின் இடிபாடுகளுக்கிடையே நடந்து பார்த்தார். ஒரு வாரத்தில் ஹிட்லரைச் சந்தித்துச் சொன்னதன் சாரம்: எதிரி நம் மிகப் பலவீனமான இடத்தில் அடித்துவிட்டான், இதையே தொடர்ந்து செய்தால் சீக்கிரத்தில் நம்மிடம் எரிபொருள் உற்பத்தி என்று ஒன்றும் மிஞ்சாது, அவர்களுடைய விமானப்படைத் தலைமையும் நம்முடையது போலவே நிலையில்லாத புத்தி உள்ளதாக இருக்கட்டும் என்பதுதான் ஒரே நம்பிக்கை. ஸ்பியர் சொன்ன எத்தனையோ விஷயங்களை நம்ப முடியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாழ்நாள் முழுவதும் கதை சொன்ன ஆள். ஆனால் இந்த ஒரு கணிப்பில் எதிரியின் உத்தி அவருக்கு எதிரியைவிட நன்றாகப் புரிந்திருந்தது. ஒரு அடியைப் பற்றி அவர் பயப்படவில்லை, அடுத்தடுத்து வரக்கூடிய அடிகளைப் பற்றித்தான் பயந்தார்.

அந்தப் பயம் லண்டனுக்கும் கேட்டது. சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்கு, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மற்ற இடங்களிலிருந்து எண்ணெய் ஆலைகளுக்கு மாற்றப்படும் தகவல் உடனே கிடைத்தது. இதைப் பார்த்தபின், அதுவரை ரயில் ரயில் என்று சொல்லிக்கொண்டிருந்த டெடரே, அப்படியானால் வாடிக்கையாளர் கேட்பதையே கொடுத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டதாக ரோஸ்டோவ் பின்னாளில் சொன்னார். மே 28, 29-இல் மறுபடி தாக்கினார்கள். நார்மண்டியில் படை இறங்கி இரண்டே நாளில், ஜூன் 8 அன்று, இனி நம் முதல் வேலை எதிரிப் படைகளுக்கு எண்ணெய் கிடைக்காமல் செய்வதுதான் என்று ஸ்பாட்ஸ் எழுத்திலேயே உத்தரவு போட்டார்.

உடைப்பவர்களும் கட்டுபவர்களும்

போருக்குப் பின், குண்டுவீச்சின் பலனை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுக்குழு லொய்னாவின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தது. மருத்துவமனைக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டை மாதிரி இருக்கிறது அந்த விவரம். மே 12, உற்பத்தி நின்றது. பத்து நாளில் ஓரளவு மீண்டது. மே 28, மறுபடி அடி. ஜூன் 3-இல் மறுபடி தொடங்கி, ஜூலை முதல் வாரத்தில் திறனில் 75 சதவீதத்தை எட்டியது. ஜூலை 7, நின்றது. இரண்டே நாளில் தொடங்கி 19-ஆம் தேதி 53 சதவீதம். ஜூலை 20, நின்றது. 27-ஆம் தேதி 35 சதவீதம். ஜூலை 28, 29, நின்றது. ஆகஸ்ட் 24, செப்டம்பர் 11, 13, 28, அக்டோபர் 7 என்று தொடர்ந்து அடித்ததில் அக்டோபர் பாதி வரை எழவில்லை. அப்புறம் எழுந்தது. நவம்பர் 20-இல் 28 சதவீதம்.

இந்த எண்களில் ஒரு இறங்குமுகம் இருக்கிறது. 75, 53, 35, 28. ஒவ்வொரு தடவை கட்டி எழுப்பும்போதும் முன்பைவிடத் தாழ்ந்த உயரத்தையே எட்ட முடிகிறது. உயர் அழுத்தக் குழாய்களையும் கம்ப்ரெஸர்களையும் புதிதாகச் செய்ய நாளாகும். ஒட்டுப்போட்டதன் மேலேயே ஒட்டுப்போட வேண்டும். தண்ணீர், மின்சாரம், நீராவி மூன்றில் ஒன்று போனால் மீதி இரண்டும் இருந்து பயனில்லை. முதல் தாக்குதலிலிருந்து போர் முடியும் வரை லொய்னாவின் சராசரி உற்பத்தி திறனில் 9 சதவீதம். இதற்கு 22 தாக்குதல்கள் தேவைப்பட்டன, 20 அமெரிக்கர்களுடையவை, 2 பிரிட்டிஷாருடையவை. 6,552 விமானப் பயணங்கள், 18,328 டன் குண்டு, ஏறக்குறைய ஒரு வருடம். துல்லியமான குண்டுவீச்சு என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, லொய்னா, லுட்விக்ஸ்ஹாஃபன், ட்சைட்ஸ் ஆகிய மூன்று பெரிய ஆலைகளைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் எட்டில் ஏழு பங்கு ஆலை வேலிக்கு வெளியே வயல்களிலும் ஊர்களிலும்தான் விழுந்தது. செயற்கைப் புகைமண்டலம், மேகம், பீரங்கி. நவம்பர் 2 அன்று மட்டும் மெர்ஸபுர்க் தாக்குதலில் ஏறக்குறைய 40 குண்டுவீச்சு விமானங்கள் இழக்கப்பட்டன. லொய்னா அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்றைய இலக்கு மெர்ஸபுர்க் என்று காலையில் அறிவித்தால் விமானக் குழுக்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

கட்டி எழுப்பியவர்கள் யார்? மே இறுதியில் எட்முண்ட் கைலன்பெர்க் என்பவரை எண்ணெய் ஆலைகளின் அவசர மீட்புக்கு நியமித்து, எந்தத் துறையிலிருந்தும் ஆளையும் பொருளையும் எடுத்துக்கொள்ள அதிகாரம் கொடுத்தார்கள். 3,50,000 பேர் வரை அந்த வேலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் விரும்பி வந்தவர்கள் அல்ல. பிடித்துவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். ட்சைட்ஸ் ஆலையின் இடிபாடுகளை அள்ளுவதற்கென்றே புகன்வால்ட் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஹங்கேரிய யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 2002-இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற இம்ரே கெர்தேஸ் அப்போது 15 வயதுக்கும் குறைவான பையன். அந்த முகாமில் இருந்து உயிரோடு மீண்டவர். குண்டு விழுந்தால் பதுங்கு அறைகள் ஜெர்மானியருக்கு. கைதிகளுக்குத் திறந்த வெளி. எண்ணெய்ப் போரை விமானம், டன், சதவீதம் என்று மட்டும் எழுதும் ராணுவ வரலாறுகளில் இந்த ஆட்கள் 'பழுதுபார்க்கும் திறன்' என்ற ஒற்றைத் தலைப்புக்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இன்னொரு இடம் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம்களில் மூன்றாவதான மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் செயற்கை ரப்பருக்கும் எரிபொருளுக்கும் ஒரு மாபெரும் ஆலை கட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் இலக்குப் பட்டியலில் அதுவும் இருந்ததால் 1944 ஆகஸ்ட் 20 அன்று 127 பி-17 விமானங்கள் அதைத் தாக்கின. அங்கிருந்து, ஆஷ்விட்ஸின் இன்னொரு முகாமான பிர்கெனாவின் விஷவாயு அறைகள் 5 மைலுக்கும் குறைவு. அந்த அறைகளையும் அங்கே போகும் ரயில் பாதைகளையும் குண்டுவீசித் தகர்க்கச் சொல்லி யூத அமைப்புகள் கோடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தன. அதற்கு விமானங்களைத் திருப்பினால் மற்ற முக்கியமான போர் வேலைகள் கெடும் என்று அமெரிக்கப் போர்த்துறையின் உதவிச் செயலாளர் ஜான் மக்லாய் மறுத்து எழுதிய கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 14. அடித்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று இன்றும் வாதிடுகிறார்கள். விமானங்களால் அவ்வளவு தூரம் போக முடியாது என்ற வாதம் மட்டும் ஆறே நாளில் செத்துப்போனது.

ஹாரிஸின் இலையுதிர்காலம்

செப்டம்பர் நடுவில் கனரகக் குண்டுவீச்சுப் படைகள் ஐசன்ஹோவரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 25-ஆம் தேதி வந்த உத்தரவு தெளிவானது: முதல் முன்னுரிமை எண்ணெய். அந்த மாதத்தில் ஜெர்மன் விமானப் பெட்ரோல் பாதாளத்தில் கிடந்தது. செயற்கை ஆலைகளிலிருந்து ஏப்ரலில் 1,75,000 டன் வந்துகொண்டிருந்தது, ஜூலையில் 30,000, செப்டம்பரில் 5,000. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்ற நிலை.

அழுத்த வேண்டியவர்களில் ஒருவரான ஹாரிஸ் அக்டோபரில் தன் குண்டுகளில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் எண்ணெய்க்குக் கொடுத்தார். மீதி பெரும்பாலும் நகரங்களுக்கு. நவம்பர் முதல் தேதி போர்ட்டலுக்கு எழுதிய கடிதத்தில், 18 மாதங்களில் ஜெர்மனியின் 60 பெரிய நகரங்களில் 45-ஐ ஏறக்குறைய அழித்துவிட்டோம், மிச்சத்தையும் முடிக்க விடுங்கள் என்ற தொனி. மீதமுள்ள நகரங்கள் உங்களைக் காந்தம்போல் இழுக்கின்றனவோ என்று போர்ட்டல் பதில் எழுதினார். கடிதங்கள் ஜனவரி வரை நீண்டன. ஒரு கட்டத்தில் ஹாரிஸ், இந்தக் கொள்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை, நான் இந்தப் பதவியில் நீடிக்க வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள் என்று எழுதிவிட்டார். போர்ட்டல் அவரை அனுப்பவில்லை. பொறுமையாக இருந்து ஒத்துழையுங்கள், யார் சொன்னது சரி என்பதைப் போருக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வகையில் முடித்துக்கொண்டார்.

ஹாரிஸின் பக்கத்திலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜூன் 21 இரவு வெஸ்ஸலிங் எண்ணெய் ஆலைக்கு அவர் அனுப்பிய 133 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் 37 திரும்பவில்லை. ஒரே இரவில் நான்கில் ஒன்றுக்கு மேல். எந்தத் தளபதிக்கும் அது மறக்காது. நவம்பரில் அவர் எண்ணெய்க்குக் கொடுத்த பங்கு நான்கில் ஒன்றாக உயர்ந்ததும் உண்மை. டிசம்பர் 6 இரவு லொய்னாவை நானூறுக்கும் மேற்பட்ட லங்காஸ்டர்கள் தாக்கின, ஜனவரி 14-இல் ஐநூறுக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், மனமில்லாமல் செய்த வேலையை அவருடைய ஆட்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அமெரிக்கர்கள் போட்டவை பெரும்பாலும் 250, 500 பவுண்டு குண்டுகள். கனமான கான்கிரீட்டுக்கு நடுவே அவை போதவில்லை. பிரிட்டிஷாரின் 4,000 பவுண்டு குண்டு ஒன்று விழுந்தால் சுற்றியிருந்த குழாய்த் தொகுதி முழுவதும் போகும். போருக்குப் பின் அமெரிக்க ஆய்வுக்குழுவே இதை ஒத்துக்கொண்டது.

இதனால்தான் அக்டோபர் எரிச்சலூட்டுகிறது. லொய்னா மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் எழுந்த வாரங்கள் அவை. இரவில் இலக்கைக் காண முடியாமல் தவித்த 1941 படை இப்போது இல்லை. ரேடார், இலக்கைக் குறித்துக் காட்டும் முன்னோடி விமானங்கள், பகலிலும் போகக்கூடிய துணை, எல்லாம் வந்துவிட்டன. ஹாரிஸ் மூன்று வருடத்துக்கு முந்தைய தன் படையை வைத்தே முடிவெடுத்துக்கொண்டிருந்தார். அவரை மாற்றாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த போர்ட்டலின் பங்கு அதைவிடக் குறைந்ததல்ல. எண்ணெய் என்று உறுதியாக நம்பிய ஒரு தலைவர், நம்பாத ஒரு தளபதியிடம் அந்த வேலையை விட்டுவைத்தார். மக்களிடம் ஹாரிஸுக்கு இருந்த பெயர், போர் முடியப்போகிற நேரம், படையின் மன உறுதி என்று காரணங்கள் சொல்லலாம். எனக்கு அவை போதவில்லை.

பெட்ரோல் இல்லாத விமானங்கள்

1944-இல் ஜெர்மனி ஏறக்குறைய 40,000 விமானங்களைக் கட்டியது. அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதிகம். விமானத் தொழிற்சாலைகளை அடித்து விமானப்படையை ஒழிப்பது என்ற பழைய திட்டத்துக்கு இது நல்ல பதில். கட்டிய விமானங்களை ஓட்டப் பயிற்சி கொடுக்கப் பெட்ரோல் இல்லை. புது விமானிகள் போதிய நேரம் பறந்து பழகாமலே முஸ்டாங்குகள் முன் போய் நின்றார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க, விமானங்களை மாடு கட்டி ஓடுபாதை வரை இழுத்துப்போனார்கள்.

தரையிலும் இதே நிலைமைதான். டிசம்பரில் பெல்ஜியம் பக்கத்து ஆர்டென் காட்டில் ஹிட்லர் தொடங்கிய கடைசிப் பெரிய தாக்குதலில், எதிரியின் பெட்ரோல் கிடங்குகளைப் பிடித்துக்கொண்டு முன்னேறுவது திட்டத்திலேயே இருந்தது. முன்னணியில் போன, பைப்பர் என்ற ஜெர்மன் அதிகாரியின் கவசப் படை லா க்ளேஸ் கிராமத்தில் சிக்கிக்கொண்டு, எரிபொருள் தீர்ந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விடிவதற்குள் டாங்கிகளையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு ஏறக்குறைய 800 பேராகக் காட்டு வழியே நடந்து வெளியேறியது. நைட்ரஜனும் கூடவே சரிந்தது: மாதம் 75,000 டன்னாக இருந்தது வருடக் கடைசியில் 20,000. பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்தோடு கல் உப்பைக் கலந்து நிரப்பினார்கள்.

போருக்குப் பின் ஹாரிஸ் தன் தவறை ஒரு வகையில் ஒப்புக்கொண்டார். எண்ணெய்த் திட்டம் பெரிய வெற்றிதான், ஆனால் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரையின் மேல் பணம் கட்டினார்கள், அது ஓடி ஜெயித்துவிட்டது என்றார். ஸ்பாட்ஸ் பதில் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ரைம்ஸ், பெர்லின், டோக்கியோ வளைகுடா என்று மூன்று சரணாகதிகளையும் நேரில் பார்த்துவிட்டு, 1947-இல் அமெரிக்க விமானப்படையின் முதல் தலைவராகி, அடுத்த ஆண்டே ஓய்வுபெற்றுக்கொண்டார்.

குதிரை உவமை எனக்குச் சரியாகப் படவில்லை. குதிரைப் பந்தயத்தில் ஒரே ஓட்டம்தான். ஆனால் எண்ணெயை அடித்தவர்கள்கூடப் பட்டியலை முழுசாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயர்தர விமானப் பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் கலந்தாக வேண்டும். அது இல்லாமல் அந்தக் கால எஞ்சின்கள் முழு பலத்தில் ஓடாது. ஜெர்மனியில் அதைச் செய்த ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லொய்னாவுக்கு 6,552 தடவை பறந்தவர்கள் அந்தச் சில ஆலைகளை முதன்மை இலக்காக வைக்கவே இல்லை. அமெரிக்க ஆய்வுக்குழு இதைக் குறித்து எழுதியபோது போர் முடிந்திருந்தது.